திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் ஊரை நெருங்கும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலக்கரி இருப்பதாகக் கண்டறியப்பட்ட பகுதியில் ஒரு சிறிய வேளாண் ஊர் இருந்தால், சுரங்கத் திட்டம் பற்றிய செய்தி அந்த ஊர் மக்களுக்குத் துண்டு துண்டாகத்தான் வந்து சேரும். யாரோ நிலத்தை அளந்துவிட்டுப் போவார்கள். வயலோரத்தில் துளையிடும் இயந்திரம் ஒன்று சில நாள் நிற்கும். வெகு நாள் கழித்து ஓர் அறிவிக்கை வரும். அந்த இடைவெளியில் ஊரார் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விகளுக்கு இங்கே விடை தர முயன்றிருக்கிறோம். ஊருக்கு நேரும் இழப்பு, வரைபடத்தில் எல்லைக்கோடு விழும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. நிலக்கரி தீர்ந்து பல பத்தாண்டுகள் ஆன பின்பும் அது தொடர்கிறது. இழப்பீட்டுக் கணக்கோ இதன் நடுப்பகுதியை மட்டுமே பார்க்கிறது. இந்த விடைகள் அனைத்தும் அந்தக் கவலையிலிருந்தே எழுதப்பட்டவை.

திறந்தவெளிச் சுரங்கம் என்பது என்ன? நிலத்தடிச் சுரங்கத்தைவிட நிறுவனங்கள் இதை விரும்புவது ஏன்?

நிலக்கரிப் படிவம் தரைமட்டத்துக்கு ஓரளவு அருகில் இருக்கும் இடங்களில், அதன் மேலுள்ள மண், களிமண், மணல், பாறை அனைத்தையும் அகற்றிவிட்டு நிலக்கரியை மேலிருந்தே வெட்டியெடுப்பது திறந்தவெளிச் சுரங்க முறை. நிலத்தடிச் சுரங்கத்தில் கூரை சரியாமல் இருப்பதற்காக நிலக்கரியிலேயே தூண்களை விட்டுவைக்க வேண்டியிருக்கும். திறந்தவெளியில் அந்தத் தேவை இல்லாததால் படிவத்தின் பெரும்பகுதியை எடுத்துவிட முடியும். ஆள்பலம் குறைவாகவும் இயந்திர பலம் அதிகமாகவும் தேவைப்படுவதால் ஒரு டன்னுக்கு ஆகும் செலவும் குறைகிறது. ஜெர்மனியின் ரைன்லாந்து பழுப்பு நிலக்கரிப் பகுதியில் இயங்கும், சக்கரத்தைச் சுற்றிப் பொருத்திய வாளிகளால் மண்ணை வெட்டும் மிகப் பெரிய வாளிச் சக்கர இயந்திரங்களில் ஒன்று, சுமார் 13,500 டன் எடை கொண்டது. ஒரே நாளில் 2,40,000 கன மீட்டர் வரை வெட்டக்கூடியது. அங்குள்ள ஹம்பாக் சுரங்கத்தின் ஆழம் ஏறத்தாழ 400 மீட்டர்.

ஒரு டன் நிலக்கரிக்காக எத்தனை கன மீட்டர் மண்ணை அகற்ற வேண்டும் என்ற விகிதத்தைத் திட்ட அறிக்கையில் தேடிப் பாருங்கள். வெட்டிய மண் எங்கே குவிக்கப்படும், எவ்வளவு உயரத்துக்குக் குவிக்கப்படும், அதற்காகக் கூடுதலாக எந்த நிலங்கள் எடுக்கப்படும் என்பவற்றை அந்த ஓர் எண்ணிலிருந்தே கேட்கத் தொடங்கலாம். குழிக்குத் தப்பிய வயல்கள் மண்மேட்டுக்கும், சாலைக்கும், ஆற்றைத் திருப்பும் கால்வாய்க்கும் போவது வழக்கமாக நடப்பதுதான்.

எங்கள் வயல் சுரங்க எல்லைக்கு வெளியே இருக்கிறது. நாங்களும் கவலைப்பட வேண்டுமா?

ஆம், முதன்மையாகத் தண்ணீருக்காக. குழி நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போனதும் நாலாபுறத்திலிருந்தும் நீர் அதற்குள் ஊறும். இயந்திரங்கள் உலர்ந்த தரையில் நிற்க வேண்டுமென்றால், குழியைச் சுற்றி ஆழ்துளைக் கிணறுகளை அமைத்து, சுரங்கம் இயங்கும் காலம் முழுவதும் இரவும் பகலுமாக நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி இறைக்க இறைக்க, குழியை மையமாகக் கொண்டு நீர்மட்டம் ஒரு பெரிய புனல் வடிவில் தாழ்கிறது. அந்தப் புனலின் விளிம்பு சுரங்க வேலியோடு நிற்பதில்லை; மணலும் சரளையும் நிறைந்த நிலத்தில் அது பல கிலோமீட்டர் தள்ளிப் போகும்.

நெய்வேலியில் நிலைமை இன்னும் கடினமானது. அங்கே பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே உயர் அழுத்தத்தில் ஊற்றுநீர் இருக்கிறது. மேலுள்ள மண்ணின் பாரத்தை அகற்றிவிட்டால் அந்த நீர் குழியின் அடித்தளத்தைப் பிளந்துகொண்டு பீறிட்டெழும் என்பதால், அதன் அழுத்தத்தைக் குறைப்பதற்கென்றே தொடர்ந்து நீர் இறைக்கப்படுகிறது. சுரங்கம் பாதுகாப்பாக இயங்குவதற்கு இது தவிர்க்க முடியாத வேலை. சுற்றுப்புற உழவர்களுக்கு அதுவே கிணற்றின் ஆழம் பற்றிய கவலை.

பாதிப்பு ஒரே நாளில் தெரியாது. முதலில் ஆழமில்லாத கிணறுகளும் குளங்களும் கோடையில் வழக்கத்தைவிட முன்னதாக வற்றும். அப்போது அது மழைக் குறைவால்தான் என்று சொல்லப்படும். அது உண்மையா என்று பிரித்துக் காட்ட, சுரங்கம் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டுகளின் அளவுகள் உங்கள் கையில் இருக்க வேண்டும். அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. கிணற்றின் விளிம்பில் அழியாத ஒரு குறி இடுங்கள். நுனியில் எடை கட்டிய அளவுநாடாவை எப்போதும் அந்தக் குறியிலிருந்தே இறக்குங்கள். காலையில் இறைக்கத் தொடங்குவதற்கு முன், மாதம் ஒருமுறை, ஒரே தேதியில் அளந்து எழுதுங்கள். கூடவே மழை அளவையும் குறித்துக்கொண்டால் மழைக் குறைவு என்ற வாதத்தைச் சோதித்துப் பார்க்க வழி கிடைக்கும்.

எஞ்சியிருக்கும் தண்ணீரின் தரம் கெடுமா?

பாறையைப் பொறுத்தது. நிலக்கரியோடும் அதைச் சுற்றியுள்ள படிவங்களோடும் பல இடங்களில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற கனிமம் இருக்கிறது. மண்ணுக்கடியில் காற்றுப் படாமல் இருக்கும்வரை அது எதையும் செய்யாது. தோண்டிக் கிளறியதும் காற்றும் நீரும் பட்டு, கந்தக அமிலம் உருவாகி, இரும்பையும் பிற உலோகங்களையும் கரைத்துக்கொண்டு ஓடைகளில் கலக்கிறது. கிழக்கு ஜெர்மனியின் லவுசிட்ஸ் பகுதியில் பழைய சுரங்கங்களுக்கு அருகே ஓடும் ஸ்ப்ரே ஆறு, இரும்புச் சேற்றால் பல ஆண்டுகளாகப் பழுப்பு நிறத்தில் ஓடுகிறது. சுரங்கம் மூடி, இறைப்பது நின்று, நீர்மட்டம் மீண்டும் உயர்ந்து வரும்போதுதான் இந்தப் பாதிப்பு பல இடங்களில் பெரிதாகத் தெரிகிறது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த பாறைகள் உள்ள இடங்களில் அமிலம் ஓரளவு மட்டுப்படும்; அங்கும் உப்புத்தன்மை கூடலாம். ஆகவே சுரங்கம் வருமுன் கிணற்று நீரை ஒருமுறையாவது ஆய்வகத்தில் சோதித்து, அமிலத்தன்மை, சல்பேட், இரும்பு, உப்பு ஆகியவற்றின் அளவுகளைப் பெற்று வைப்பது நல்லது.

மேல்மண்ணைத் தனியே எடுத்துவைத்து, பிறகு பரப்பி, நிலத்தைப் பழையபடி தருவதாகச் சொல்கிறார்கள். அது முடியுமா?

ஓரளவு முடியும். பழையபடி என்ற சொல்லைத்தான் ஏற்க இயலாது.

விளைநிலத்தின் மேல்மண், அதற்குக் கீழுள்ள அடிமண், அதற்கும் கீழுள்ள சிதைந்த பாறை ஆகிய ஒவ்வொன்றும் வெவ்வேறு வேலை செய்கின்றன. ஒரு சென்டிமீட்டர் மேல்மண் இயற்கையாக உருவாகச் சில நூறு ஆண்டுகள் ஆகலாம். அதைச் சுரண்டி எடுத்து உயரமான குவியலாகப் போட்டுவைத்தால், குவியலின் உட்பகுதிக்குக் காற்றுப் போகாது. மண்புழுக்களும் வேர்களோடு வாழும் பூஞ்சைகளும் மடியும். ஈரமான நாளில் அதை அள்ளினாலோ, திரும்பப் பரப்பும்போது பெரிய லாரிகள் அதன்மேல் ஓடினாலோ மண் இறுகிவிடும். அப்படி மீட்கப்பட்ட வயலில் ஒரு மண்வெட்டியால் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டிப் பாருங்கள். மேலே நொறுங்கும் மண் இருக்கும். அதற்குக் கீழே மண்வெட்டி மோதி நிற்கும் ஓர் அடுக்கு இருக்கும். பயிரின் வேர் அந்த அடுக்கைத் தொட்டதும் பக்கவாட்டில் திரும்பி வளர்ந்திருக்கும். மழை பெய்தால் அந்த அடுக்கின்மேல் நீர் தேங்கும், வெயில் அடித்தால் பயிர் சீக்கிரம் வாடும். தூரத்திலிருந்து எடுத்த பச்சை வயல் புகைப்படத்தில் இது எதுவும் தெரிவதில்லை.

அக்கறையோடு செய்தால் எவ்வளவு முடியும் என்பதற்கும் சான்று உண்டு. ரைன்லாந்தில், வளமான வண்டல் போன்ற லோஸ் மண்ணைத் தனியே எடுத்து, சுமார் இரண்டு மீட்டர் தடிமனுக்குப் பரப்பி, முதல் சில ஆண்டுகள் குதிரைமசால் போன்ற ஆழவேர்ப் பயிரை வளர்த்து, ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கழித்தே நிலத்தை உழவர்களிடம் ஒப்படைக்கிறார்கள். அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டின் மேற்பரப்புச் சுரங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம், முதல்தர விளைநிலங்களில் மண்ணடுக்குகளைத் தனித்தனியே பிரித்து வைக்க வேண்டும் என்றும், அருகிலுள்ள சுரங்கம் படாத அதே வகை நிலத்துக்கு இணையான விளைச்சலை நிரூபித்துக் காட்டிய பின்பே, சீரமைப்புக்கு உறுதியாக நிறுவனம் முன்கூட்டியே கட்டிய பிணைத்தொகையை விடுவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உங்களுக்குத் தரப்படும் வாக்குறுதியில் இத்தகைய விளைச்சல் நிபந்தனை இல்லையென்றால், நிலத்தைத் திருத்துவதாகச் சொல்வது பெரும்பாலும் சமப்படுத்திப் புல் விதைப்பதையோ வேகமாக வளரும் மரக்கன்று நடுவதையோதான் குறிக்கும்.

தூசி, ஓசை, வெடி அதிர்வு?

மூன்றும் இருக்கும். தூசி சாலைகளிலிருந்தும் மண்மேடுகளிலிருந்தும்தான் அதிகம் கிளம்புகிறது. தண்ணீர் தெளிப்பதால் குறையும். தெளிப்பு நின்ற நாளில் திரும்ப வரும். கண்ணுக்குத் தெரியும் தூசி இலைகளை மூடுகிறது. 10 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த நுண்துகள் நுரையீரலுக்குள் போகிறது. மென்மையான மண்ணுள்ள இடங்களில் வெடி தேவைப்படாமல் போகலாம். பாறை உள்ள இடங்களில் வெடி வைப்பது அன்றாட நிகழ்வு. மேற்சொன்ன அமெரிக்கச் சட்டத்தின்கீழ், வெடி வைக்கும் பகுதியிலிருந்து அரை மைல் தொலைவுக்குள் இருக்கும் வீட்டுக்காரர் கேட்டால், வெடிக்கு முன் அவர் வீட்டின் நிலையை நிறுவனம் ஆய்வு செய்து பதிவுசெய்ய வேண்டும். உங்கள் நாட்டில் அந்த விதி இல்லாவிட்டாலும், ஒவ்வொரு சுவரையும் தேதியோடு படமெடுத்து வைக்க யாரும் தடை சொல்ல முடியாது. வேல்ஸ் நாட்டில் 2009இல் வந்த திட்ட வழிகாட்டுதல், குடியிருப்புக்கும் திறந்தவெளிச் சுரங்கத்துக்கும் இடையே பொதுவாக 500 மீட்டர் இடைவெளி வேண்டும் என்றது. அந்த இடைவெளியை எங்கிருந்து எங்கே அளக்கிறார்கள், குழியின் விளிம்பிலிருந்தா மண்மேட்டின் அடியிலிருந்தா என்று கேட்பது முக்கியம்.

இன்னும் ஒரு பிடி மண்கூட வெட்டவில்லை. அதற்குள் ஊர் ஏன் வெறிச்சோடுகிறது?

எங்களிடம் வரும் கேள்விகளில் மனத்தை மிகவும் கனக்கச் செய்வது இதுதான். எல்லைக்கோடு விழுந்த நிலத்தை யாரும் நியாயமான விலைக்கு வாங்கமாட்டார்கள். வங்கி அதன்மேல் கடன் தரத் தயங்கும். பத்து ஆண்டில் போகப்போகிற வீட்டுக்கு எதற்குப் புதுக்கூரை என்று குடும்பம் நினைக்கும். ஊருக்கு எதற்குப் புதுச் சாலை என்று நிர்வாகம் நினைக்கும். கிணற்றை ஆழப்படுத்துவதும் மரக்கன்று வைப்பதும் தள்ளிப்போகும். முதலில் விற்பவர்கள் வெளியேற, கடை மூடப்படும், பள்ளியில் பிள்ளைகள் குறைவார்கள். பிறகு திட்ட அறிக்கை, அந்தப் பகுதியில் மக்கள்தொகை குறைவு என்று எழுதும். திட்டத்தின் அறிவிப்பே உண்டாக்கிய நிலைமை, திட்டத்துக்கு ஆதரவான வாதமாக மாறுகிறது.

ஜெர்மனியில் கார்ட்ஸ்வைலர் சுரங்கத்தின் வழியில் இருந்த இம்மராத் என்ற ஊர் இப்படித்தான் காலியானது. 2018 ஜனவரியில் அதன் பெரிய தேவாலயமும் இடிக்கப்பட்டது. இதே சுரங்கம் தொடர்பான வழக்கில் அந்நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் 2013 டிசம்பரில் அளித்த தீர்ப்பு, சுரங்கத் திட்டத்தை அனுமதித்தபோதும், பாதிக்கப்படும் மக்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கடைசிக் கட்டம்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே கிடைக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. சுற்றிலும் ஊர்கள் இடிந்து, இயந்திரம் வாசலுக்கு வந்த பின்பு நீதிமன்றம் போவதில் பொருளில்லை என்பதை அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டதாகவே நாங்கள் படிக்கிறோம்.

இழப்பீடு யாருக்குக் கிடைக்கும்?

பத்திரத்தில் பெயர் உள்ளவருக்கு முதலில் கிடைக்கும். குத்தகைக்கு உழுபவர், கூலிக்கு நடவும் அறுவடையும் செய்பவர், பொது நிலத்தில் மாடு மேய்ப்பவர், கணவர் அல்லது சகோதரர் பெயரில் உள்ள நிலத்தில் வாழ்நாள் முழுதும் உழைத்த பெண் ஆகியோரின் இழப்பு பல நாடுகளின் கணக்கில் சிறிதாகவோ இல்லாமலோ போகிறது. இந்தியாவின் 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம், வாழ்வாதாரம் இழக்கும் குத்தகையாளர்களையும் தொழிலாளர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது; சமூகத் தாக்க மதிப்பீட்டையும் கட்டாயமாக்கியது. ஆனால் நிலக்கரிக்காக நிலம் எடுக்கப் பயன்படும் 1957ஆம் ஆண்டின் தனிச் சட்டம், இந்த விதிகளிலிருந்து விலக்கு பெற்ற சட்டங்களின் பட்டியலில் வைக்கப்பட்டது. பிற்பாடு இழப்பீடும் மறுகுடியமர்வும் அதற்கும் நீட்டிக்கப்பட்டன. பாதிக்கப்படும் குடும்பங்களின் ஒப்புதலைப் பெறும் விதியும் சமூகத் தாக்க மதிப்பீடும் நீட்டிக்கப்படவில்லை. எனவே எந்தச் சட்டத்தின்கீழ் நிலம் எடுக்கப்படுகிறது என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

விலை நன்றாக இருக்கும்போதே விற்றுவிடலாமா?

அதை ஒவ்வொரு குடும்பமும்தான் முடிவுசெய்ய வேண்டும். கடனும் நோயும் உள்ள வீட்டில் விற்றவரை யாரும் குறைசொல்லக் கூடாது. ஊருக்குள் பிளவு ஏற்படுவதே எதிர்த்தரப்புக்கு மிகவும் உதவுகிறது. தனியாகப் போய்க் கையெழுத்திடாதீர்கள் என்பது மட்டும் எங்கள் வேண்டுகோள். ஒப்பந்தத்தில் விலையை வெளியே சொல்லக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா, பின்னாளில் நீரோ வீடோ பாதிக்கப்பட்டால் வழக்குத் தொடரும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா, சுரங்கம் வராமல் போனால் நிலத்தைத் திரும்ப வாங்க முன்னுரிமை உண்டா என்று ஒரு வழக்கறிஞரை வைத்துப் படித்துப் பாருங்கள்.

வேலை தருவார்கள் என்கிறார்களே?

சில வேலைகள் வரும். ஆனால் திறந்தவெளி முறையின் சிக்கனமே குறைந்த ஆட்களை வைத்து அதிக மண்ணை நகர்த்துவதில்தான் இருக்கிறது. நிரந்தர வேலையா ஒப்பந்த வேலையா, எத்தனை பேருக்கு, எந்தத் தகுதிக்கு என்று எழுத்தில் கேளுங்கள். வயல் ஆண்டுதோறும் தந்த வேலைநாள்களோடு அதை ஒப்பிட்டால்தான் உண்மையான கணக்கு தெரியும்.

சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கிறது. எங்கிருந்து படிப்பது?

உங்கள் ஊரிலிருந்து. அறிக்கையின் வரைபடத்தில் உங்கள் ஊர்க் கிணறுகள், குளங்கள், ஓடைகள் அனைத்தும் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். இருபோகம் விளையும் நிலம் தரிசு என்று எழுதப்பட்டிருக்கிறதா? நீர் அளவுகள் ஒரு பருவத்தில் மட்டும் எடுக்கப்பட்டவையா? பக்கத்தில் ஏற்கெனவே இயங்கும் சுரங்கங்களின் பாதிப்போடு சேர்த்துக் கணக்கிட்டார்களா, அல்லது இந்த ஒரு குழி மட்டும் தனியே இருப்பதுபோல் எழுதியிருக்கிறார்களா? கடைசியாக மிஞ்சும் குழியின் அளவு எங்கே சொல்லப்பட்டிருக்கிறது? கருத்துக்கேட்புக் கூட்டத்தில் உணர்ச்சியோடு பேசுவதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதோடு, இத்தகைய பிழைகளைப் பக்க எண்ணோடு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்குங்கள். பேசியது நிகழ்ச்சிக் குறிப்பில் ஒரே வரியாகச் சுருங்கிவிடலாம். எழுதிக் கொடுத்ததற்குத்தான் பின்னால் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எதிர்த்து நின்று காப்பாற்றிய ஊர்கள் உண்டா?

உண்டு. வங்கதேசத்தின் வடக்கே புல்பாரியில், அடர்ந்த வேளாண் பகுதியில் திட்டமிடப்பட்ட திறந்தவெளிச் சுரங்கத்தை எதிர்த்து 2006 ஆகஸ்ட் 26 அன்று பெருந்திரளான மக்கள் கூடினார்கள். துணை ராணுவத்தின் துப்பாக்கிச் சூட்டில் மூவர் உயிரிழந்தனர். நான்கு நாளில் அரசு போராட்டக்காரர்களோடு உடன்பாடு செய்துகொண்டது; சுரங்கம் தோண்டப்படவில்லை. ஆஸ்திரேலியாவில் குளோஸ்டர் என்ற சிற்றூருக்கு அருகே முன்மொழியப்பட்ட ராக்கி ஹில் சுரங்கத்தை 2019 பிப்ரவரியில் நியூ சவுத் வேல்ஸ் நில, சுற்றுச்சூழல் நீதிமன்றம் நிராகரித்தது. பள்ளத்தாக்கின் தோற்றமும் ஊரின் சமூக வாழ்வும் கெடும் என்பதோடு, காலநிலைப் பாதிப்பையும் அது காரணமாகச் சொன்னது. தமிழ்நாட்டில் காவிரிப் படுகைப் பகுதியை ஒட்டிய வடசேரி, மைக்கேல்பட்டி, கிழக்கு சேத்தியாத்தோப்பு ஆகிய பழுப்பு நிலக்கரித் தொகுதிகள் 2023இல் ஏலப் பட்டியலில் இடம்பெற்று, எதிர்ப்புக்குப் பின் அதே ஆண்டு ஏப்ரலில் நீக்கப்பட்டன.

தோற்ற இடங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே 2023 ஜூலையில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில், நெய்வேலிச் சுரங்க விரிவாக்கத்துக்கான கால்வாய்ப் பணிக்காக, விளைந்து நின்ற நெல்வயலில் மண்வெட்டும் இயந்திரங்கள் இறக்கப்பட்டன. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்பது ஒரு தரப்பு வாதம். பயிரை அறுக்கச் சில வாரம் காத்திருந்திருக்கலாமே என்ற கேள்விக்கு அது பதிலாகாது. ஜெர்மனியில் கார்ட்ஸ்வைலர் சுரங்கம் குறித்து அரசும் நிறுவனமும் 2022 அக்டோபரில் எட்டிய உடன்பாடு ஐந்து ஊர்களைக் காப்பாற்றியது. அதே உடன்பாடு லூட்செராத் என்ற சிற்றூரைக் கைவிட்டது. 2023 ஜனவரியில், ஆயிரக்கணக்கானோர் சேற்றில் நின்று எதிர்த்தபோதும், காவல்துறை ஊரைக் காலிசெய்து, வீடுகள் இடிக்கப்பட்டன. அந்த ஐந்து ஊர்களும் பிழைத்ததில் லூட்செராத்தில் நின்றவர்களுக்கும் பங்குண்டு என்றே நாங்கள் நம்புகிறோம்.

சுரங்கம் மூடிய பின் என்ன மிஞ்சும்?

நிலக்கரியாக எடுத்துப்போன அளவுக்குப் பள்ளம் மிஞ்சும். அது பெரும்பாலும் ஏரியாக்கப்படும். கார்ட்ஸ்வைலர் குழியை ரைன் ஆற்று நீரால் நிரப்பச் சுமார் 40 ஆண்டுகள் ஆகும் என்பது திட்டக் கணக்கு. நிரம்பும் ஏரியின் கரைகளும் உறுதியானவை அல்ல. 2009 ஜூலையில் கிழக்கு ஜெர்மனியின் நாக்டர்ஷ்டெட் ஊரில், பழைய சுரங்க ஏரியின் கரை சரிந்து வீடுகள் நீருக்குள் போயின, மூவர் உயிரிழந்தனர். வேல்ஸின் ஃபோஸ்-அ-வ்ரான் சுரங்கத்துக்கு 2022 செப்டம்பரில் அனுமதி முடிந்தும் 2023 நவம்பர்வரை நிலக்கரி வெட்டப்பட்டது. நிலத்தைச் சீர்செய்ய ஒதுக்கியிருந்த பணமோ தேவைக்கு மிகக் குறைவாக இருந்தது. சீரமைப்புக்கான பிணைத்தொகை முதல் நாளிலேயே முழுமையாகக் கட்டப்படுகிறதா, அதை வைத்திருப்பது யார், நிறுவனம் கைமாறினாலோ திவாலானாலோ அந்தப் பணம் என்னாகும் என்பவற்றை அனுமதி தரும் முன்பே கேட்க வேண்டும். அனுமதி தந்த பின் கேட்டால் பதில் சொல்ல யாருக்கும் அவசரம் இருக்காது.

இப்போதே நாங்கள் செய்யக்கூடியது என்ன?

கிணற்று அளவும் நீர்ச் சோதனையும் மேலே சொன்னோம். அவற்றோடு, ஒவ்வொரு வயலிலும் எந்தப் பருவத்தில் என்ன விளைந்தது, எவ்வளவு விளைந்தது, எத்தனை பேருக்கு எத்தனை நாள் வேலை கிடைத்தது என்று இந்தப் பருவத்திலிருந்தே எழுதத் தொடங்குங்கள். குத்தகையாளர்களின் பெயர்களையும் கூலித் தொழிலாளர்களின் பெயர்களையும் ஊர்க்கூட்டத்தில் வாசித்துப் பதிவுசெய்து, வந்திருந்தவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். சுடுகாடு, கோயில், மேய்ச்சல் நிலம், வண்டிப்பாதை ஆகியவற்றை வரைபடத்தில் குறியுங்கள். எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை ஊரிலும் மற்றொன்றை ஊருக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடமும் வையுங்கள். பிள்ளைகள் படித்தவர்களாக இருந்தால் கணக்கெழுதும் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள். வழக்கு முடிய ஆகும் ஆண்டுகளை எண்ணிப் பார்த்தால், நீதிமன்றத்தில் இந்தக் கணக்கைப் பற்றிச் சாட்சி சொல்லப்போவது அநேகமாக அவர்களாகவே இருப்பார்கள்.